ஆல்டமாண்ட் இசைவிழா: 39 அங்குல மேடையின் வரலாறு

சில ஊர்களின் பெயர்கள் ஒரே நாளில் நடந்த நிகழ்ச்சியால் பொதுச்சொற்கள் ஆகிவிடுகின்றன. வாட்டர்லூ என்பது பெல்ஜியத்தில் உள்ள ஒரு சிற்றூர். 1815க்குப் பின் அது தோல்விக்கு மறுபெயராக வழங்குகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆல்டமாண்ட் என்னும் பெயருக்கும் அத்தகைய நிலை வாய்த்தது. கலிபோர்னியாவில் லிவர்மோர், டிரேசி என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையே, மரமற்ற புல்மேடுகளின் நடுவில் அமைந்திருந்த கார்ப் பந்தயத் திடல் ஒன்றின் பெயர் அது. 1969 டிசம்பர் 6ஆம் நாள், சனிக்கிழமை, அங்கு நடைபெற்ற இலவச இசைவிழாவுக்கு ஏறத்தாழ 300,000 மக்கள் வந்தனர். விழா முடிந்து கூட்டம் கலைவதற்குள் நால்வர் உயிர் இழந்தனர். அவர்களுள் ஒருவர் 18 வயது இளைஞர். மேடைக்கு எதிரே, பாட்டு நடந்து கொண்டிருந்த போதே, அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் இதனை ஒரு காலத்தின் முடிவு என்றே கூறினர். அன்பும் அமைதியும் பேசிய ஒரு தலைமுறையின் கனவு அன்று கலைந்தது என்றனர். 1969ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் நடந்ததால் பத்தாண்டின் முடிவும் கனவின் முடிவும் ஒன்றாக அமைந்துவிட்டன. எழுதுவோர்க்கு இதைவிட வசதியான நாள் வேறு கிடைத்திராது. காலத்தின் போக்கே காரணம் என்று கூறிவிட்டால், அந்த மேடையை அந்த இடத்தில் அந்த உயரத்தில் கட்டியவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. நாம் ஈண்டு அக்கேள்வியையே கேட்க எண்ணுகிறோம்.

சீட்டும் இலவசமும்

விழாவுக்கு உரியவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினர். 1962இல் இலண்டனில் தோன்றிய இக்குழுவினர் சிங்கப்பூருக்கும் முற்றிலும் புதியவர் அல்லர். 1965 பிப்ரவரியில் கில்லமார்ட் சாலையில் இருந்த பூப்பந்து அரங்கில் அவர்கள் பாடியிருக்கிறார்கள். நான்கு சுவரும், வாயிலும், வாயிலில் சீட்டைக் கிழித்து வாங்கும் ஆளும் உள்ள அரங்கு அது. இந்தச் சுவரையும் வாயிலையும் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1969 நவம்பரில், மூன்று ஆண்டுகளுக்குப் பின், இக்குழுவினர் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பாடினர். சீட்டு விலை மிகுதி என்று சான்பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் நாளிதழின் இசை எழுத்தாளர் ரால்ப் கிளீசன் கடுமையாகக் கண்டித்தார். அதே ஆண்டு ஜூலை 5ஆம் நாள் இலண்டன் ஹைடு பூங்காவில் அவர்கள் ஓர் இலவச நிகழ்ச்சி நடத்தி நற்பெயர் பெற்றிருந்தனர். ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழாவின் புகழும் அப்போது எங்கும் பேசப்பட்டது. எனவே, பயணத்தின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இலவசமாக ஒரு விழா நடத்திவிட்டால் பழியும் நீங்கும், புகழும் கூடும் என்ற எண்ணம் பிறந்ததில் வியப்பில்லை. நவம்பர் 26ஆம் நாள் நியூயார்க்கில் செய்தியாளர்களைச் சந்தித்த மிக் ஜாகர், டிசம்பர் 6ஆம் நாள் அங்கே இலவசமாகப் பாடுவோம் என்று அறிவித்தார். பெருங்கூட்டம் ஒழுங்காக நடந்துகொள்ள முடியும் என்பதற்கு அவ்விழா நாட்டுக்கு ஒரு எடுத்துக்காட்டாக இருக்கும் என்ற கருத்தும் அவர் பேச்சில் இருந்தது.

அறிவித்த நாளுக்கும் விழா நாளுக்கும் இடையே பத்தே நாள் இருந்தது. இடம் இன்னும் உறுதியாகவில்லை.

விழா இலவசம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கேட்க வருவோர்க்கு அது இலவசமாக இருந்தது. ஆனால் ஆல்பர்ட் மேசில்ஸ், டேவிட் மேசில்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் அப்பயணத்தைத் திரைப்படமாக எடுத்து வந்தனர். விழாவைப் படம் பிடித்தால் அப்படத்துக்கு விலை உண்டு. அந்த விலை யாருக்கு என்ற கேள்வியே விழாவின் இடத்தை மாற்றியது என்பதைக் காண்போம்.

இடம் மாறிய கதை

முதலில் எண்ணப்பட்ட இடம் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்கா. அங்கு இலவச இசை நிகழ்ச்சிகள் நடப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. ஆனால் செய்தி முன்கூட்டியே வெளியாகிவிட்டது. நகர நிர்வாகம் இசைவு தரவில்லை. அப்பூங்காவை ஒட்டிய கேசர் விளையாட்டரங்கில் அதே டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்கக் காற்பந்துப் போட்டி ஒன்றும் முன்னரே உறுதி செய்யப்பட்டிருந்தது.

அடுத்து சொனோமா பகுதியில் உள்ள சியர்ஸ் பாயின்ட் என்னும் கார்ப் பந்தயத் திடல் பேசி முடிக்கப்பட்டது. அங்கே ஆட்கள் சென்று மேடை வேலையைத் தொடங்கியும் விட்டனர். அத்திடலின் உரிமை பில்ம்வேஸ் என்னும் நிறுவனத்திடம் இருந்தது. பெயரே சொல்வது போல அது படத்துறையைச் சேர்ந்த நிறுவனம். அது பெருந்தொகையை முன்பணமாகக் கேட்டது. எடுக்கப்படும் படத்தை வெளியிடும் உரிமையிலும் கண் வைத்தது. பேச்சு முறிந்தது. இத்தனையும் நடந்த நாட்களில் பாடகர்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் என்னும் ஊரில், இசைத்தட்டுக்காகப் பாடிக்கொண்டிருந்தனர்.

ஜாக் ரூபியின் வழக்கில் வாதாடிப் பெயர் பெற்ற வழக்கறிஞர் மெல்வின் பெல்லை குழுவினரின் சார்பில் தொலைபேசியில் பேரம் பேசினார். டிக் கார்ட்டர் என்பவர் தம் ஆல்டமாண்ட் திடலை வாடகையின்றித் தர முன்வந்தார். தம் திடலுக்கு விளம்பரம் கிடைக்கும் என்பதே அவர் எதிர்பார்த்த ஊதியம். டிசம்பர் 4ஆம் நாள், வியாழக்கிழமை இரவு, இடம் முடிவாயிற்று. சனிக்கிழமை காலையில் விழா.

பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடை போட்ட பட்டறிவு இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் பலருக்கும் இருக்கும். முந்நூறு பேர் அமரும் மண்டபத்தைக் கடைசி நேரத்தில் மாற்ற நேர்ந்தாலே நாற்காலியும் ஒலிபெருக்கியும் குடிநீரும் எங்கே என்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. இங்கு வரவிருந்தவர்களோ நூறாயிரக் கணக்கினர். கழிப்பிடங்களைக் கொண்டுவர நேரமில்லை. முதலுதவிக் கூடாரங்கள் போதவில்லை. திடலுக்குச் செல்லும் சாலையில் மைல் கணக்கில் கார்கள் நின்றன. மக்கள் வண்டிகளை வழியிலேயே விட்டுவிட்டு மேட்டு நிலத்தில் நடந்து வந்தனர். வெள்ளிக்கிழமை இரவே ஆயிரக்கணக்கானோர் அங்கு வந்து குளிரில் நெருப்பு மூட்டிப் படுத்திருந்தனர்.

மேடையும் சரிவும்

இனி இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம்.

மேடைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் சிப் மாங்க். உட்ஸ்டாக் மேடையை நடத்தியவரும் அவரே, தொழிலில் தேர்ந்தவர். சியர்ஸ் பாயின்டில் மேடை அமைய இருந்த இடம் ஒரு மேட்டின் உச்சி. மேடை மேலே இருக்க, மக்கள் கீழே இருப்பர். நிலமே உயரத்தைக் கொடுப்பதால் மேடைக்குத் தனி உயரம் வேண்டியதில்லை. மேட்டில் ஏறி நெருக்குவதும் எளிதன்று. ஆகவே 39 அங்குல உயரமே போதுமென்று கருதப்பட்டது. அதாவது ஒரு மீட்டர். நடுத்தர உயரமுள்ள ஒருவரின் இடுப்பளவு.

ஆல்டமாண்டில் நிலம் நேர்மாறாக இருந்தது. அங்கே மேடை சரிவின் அடியில் அமைந்தது. அதே 39 அங்குல மேடை அங்கே எழுப்பப்பட்டது. வேறு மேடை அமைக்க ஒரு நாள் இரவு போதாது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். சரிவில் நிற்பவர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே கீழ்நோக்கிச் சாய்கின்றனர். பின்னால் இருப்பவர் ஓர் அடி முன்னே வைத்தால் அந்த அழுத்தம் வரிசை வரிசையாகக் கீழே இறங்கி, கடைசியில் முன் வரிசையில் நிற்பவரின் முதுகில் வந்து சேர்கிறது. அவருக்கு எதிரே இருப்பது இடுப்பளவு பலகை. அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மேடையின்மேல் தள்ளப்படுவார். ஏறியவரை மேடையில் இருப்பவர் கீழே தள்ளுவார். தள்ளப்பட்டவர் விழுவதற்குக் கீழே இடமில்லை. இசையின் தன்மையாலோ இளைஞரின் மனப்போக்காலோ நிகழ்ந்ததாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. எந்தக் கூட்டத்தை அந்தச் சரிவில் நிறுத்தினாலும் நெருக்கம் அவ்விடத்தில்தான் வந்து முடியும்.

சரிவுதான் குற்றவாளியோ எனின், அன்று. நான்கு மாதங்களுக்கு முன் உட்ஸ்டாக் விழா நடந்த பெத்தல் பண்ணையும் சரிவான நிலமே. அங்கும் மேடை சரிவின் அடியிலேதான் இருந்தது. வந்த மக்கள் 400,000 என்பர். ஆல்டமாண்டைவிடக் கூட்டம் மிகுதி. மழை, சேறு, உணவுத் தட்டுப்பாடு எல்லாம் இருந்தன. போதைப் பொருளும் குறைவின்றி இருந்தது. ஆயினும் அங்கே மேடை ஆள் உயரத்துக்கும் மேற்பட்டது. அதன்மேல் எவரும் சரிந்து விழ முடியாது. அவ்விழாவுக்கும் இடம் மாறியதுண்டு. வால்கில் என்னும் ஊரார் ஜூலை நடுவில் இசைவு மறுத்ததால் வேறு இடம் தேட நேர்ந்தது. ஆனால் அவர்களுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்திலும் எல்லா வேலையும் முடியவில்லை. வேலியைக் கட்டுவதா, மேடையைக் கட்டுவதா என்ற நிலை வந்தபோது அவர்கள் மேடையைக் கட்டினர். வேலி நிற்காததால் சீட்டு விற்கும் விழா இலவச விழாவாயிற்று. முதல் போட்டவர்களுக்குப் பெரும் இழப்பு. பணத்தைவிட மேடையைப் பெரிதாகக் கருதிய அந்த முடிவை உட்ஸ்டாக்கைப் புகழ்வோர் அதிகம் பேசுவதில்லை. நம் கருத்தில் அவ்விழாவின் அமைதிக்குப் பாட்டைக் காட்டிலும் அதுவே பெருந்துணை.

உட்ஸ்டாக்கில் இருந்த சிப் மாங்கும் மைக்கேல் லாங்கும் ஆல்டமாண்டிலும் இருந்தனர். ஆட்கள் மாறவில்லை, ஆண்டும் மாறவில்லை. நான்கே மாதத்தில் ஒரு தலைமுறையின் உள்ளம் மாறிவிட்டதென்று கூறுவோர் இதற்கு என்ன விடை சொல்வர்?

மேடைக்குக் காவல்

மேடை தாழ்ந்திருந்ததால் அதைச் சுற்றி மனிதச் சுவர் ஒன்று வேண்டியிருந்தது. அந்தச் சுவராக வந்து நின்றவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் குழுவினர். ‘நரகத்தின் தேவதூதர்’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். 1948இல் கலிபோர்னியாவில் தோன்றிய இக்குழு, முரட்டு வாழ்க்கைக்கும் அடிதடிக்கும் பெயர் போனது. சான்பிரான்சிஸ்கோ பூங்காவில் நடந்த சிறு இசை நிகழ்ச்சிகளுக்கு அவர்கள் வந்து போனதுண்டு. அங்கே பெரிய தொல்லை நேர்ந்ததில்லை. அவ்வூர் இசைக்குழுவான கிரேட்புல் டெட் குழுவைச் சேர்ந்தோர் அவர்களை அறிவர்.

ஆங்கிலேயர் ஏன் இதற்கு உடன்பட்டனர்? ஹைடு பூங்கா நிகழ்ச்சியிலும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெயரில் சில இளைஞர் காவல் நின்றனர். அவர்கள் அமெரிக்கக் குழுவினரைப் பார்த்து உடையும் சின்னமும் அணிந்த இலண்டன் பிள்ளைகள். பெயர் ஒன்று, பொருள் வேறு. சொல்லை வைத்துப் பொருளை முடிவு செய்வதன் தீங்கு மொழியாசிரியர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதன்று.

அவர்களுக்கு 500 அமெரிக்க வெள்ளி மதிப்புள்ள பீர் கொடுக்கப்பட்டது என்பது எல்லோரும் எழுதும் செய்தி. பீர் கொடுத்தது உண்மை. அது காவலுக்குக் கூலியா, நட்புக்கு விருந்தா என்பதில்தான் பின்னர்க் கருத்து வேறுபாடு எழுந்தது. தாங்கள் காவலராக வரவில்லை, மேடை ஓரத்தில் அமர்ந்து பீர் குடிக்கலாம் என்றே சொல்லப்பட்டது என்று அக்குழுவின் ஓக்லாந்துக் கிளைத் தலைவர் சன்னி பார்ஜர் கூறினார். ஏற்பாடு செய்தவர்களோ கூலி பேசவில்லை என்றனர். கூலி பேசாத வேலைக்கு அளவும் இல்லை, வரம்பும் இல்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று சொல்ல ஆளும் இல்லை. மேடையின் ஓரத்தைக் காக்க வேண்டியவரிடம் காலை முதல் பீரைக் கொடுத்தவர்கள், மாலையில் அவர்களிடம் பொறுமையை எதிர்பார்த்தனர்.

தமிழில் கச்சேரி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பாட்டு நடக்கும் அரங்கும் கச்சேரி. கணக்கும் கோப்பும் அதிகாரியும் இருக்கும் அலுவலகமும் கச்சேரி. ஆல்டமாண்டில் முதற் கச்சேரி மட்டுமே இருந்தது. சீட்டு விற்ற நிகழ்ச்சியாக இருந்தால் சீட்டில் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். கேட்க ஓர் ஆள் இருந்திருப்பார். இலவச விழாவில் இடம் ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது, படம் மற்றொருவருடையது. கூட்டம் மட்டும் எவருடையதும் அன்று.

அன்று நடந்தது

காலையில் சாண்டானா குழுவினர் பாடத் தொடங்கியபோதே மேடை ஓரத்தில் அடிதடி தொடங்கிவிட்டது. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் குழுவினர் சிலர் பில்லியர்ட்ஸ் கோல்களைக் கையில் வைத்திருந்தனர். தங்கள் வண்டிகளையும் மேடைக்கு எதிரே கூட்டத்தின் நடுவில் நிறுத்தினர். சரிவில் தள்ளப்பட்டு வருபவர் வண்டிமேல் விழுவார். வண்டியைத் தொட்டவரை அவர்கள் அடிப்பர். நெருக்கமும் சினமும் ஒன்றையொன்று வளர்த்தன.

அடுத்து ஜெபர்சன் ஏர்ப்ளேன் குழுவினர் மேடை ஏறினர். தமக்கு எதிரே ஒருவர் அடிக்கப்படுவதைக் கண்ட பாடகர் மார்ட்டி பாலின் அதைத் தடுக்கக் கீழே குதித்தார். அவரையே அடித்து மயக்கமுறச் செய்தனர். அவருடைய தோழர் பால் கேன்ட்னர் ஒலிவாங்கியில், அடித்தவர்களுக்கு நன்றி என்று குத்தலாகச் சொன்னார். பாடகரையே காவலர் அடித்து வீழ்த்திய செய்தி மேடைக்குப் பின்னால் பரவியது. விழாவுக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர்களான கிரேட்புல் டெட் குழுவினர் அச்செய்தியைக் கேட்டுப் பாடாமலே திரும்பிவிட்டனர். அவர்கள் பாடியிருக்க வேண்டிய நேரமும் வெறுமையாயிற்று.

மிக் ஜாகர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கியதும் கூட்டத்தில் ஒருவர் பாய்ந்து அவர் தலையில் குத்தினார். நிகழ்ச்சியை நிறுத்த அதுவே போதிய அடையாளமாக இருந்திருக்கும். ஆனால் நிறுத்தச் சொல்லும் உரிமை எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

கிராஸ்பி, ஸ்டில்ஸ், நேஷ், யங் குழுவினர் பாடி முடித்த பின்பு ரோலிங் ஸ்டோன்ஸ் மேடைக்கு வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூட்டம் காத்திருந்தது. டிசம்பர் மாதம், ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்தான், குளிர் இறங்கியது. இருட்டிய பின் விளக்கொளியில் தோன்ற விரும்பினர் என்பர் சிலர். குழுவினர் ஒருவர் வந்து சேரக் காலம் தாழ்ந்தது என்பர் வேறு சிலர். எதுவாயினும், அந்த ஒரு மணி நேரத்தில் சரிவில் இருந்தோர் மேலும் மேலும் முன்னே வந்தனர்.

பாட்டுத் தொடங்கியது. மூன்றாம் பாட்டு நடுவில் மேடைக்கு எதிரே சண்டை மூண்டு, பாட்டு நின்று, மீண்டும் தொடங்கிற்று. ஜாகர் கூட்டத்தாரிடம் அமைதியாக இருக்கும்படி மன்றாடினார். நவம்பரில் நாட்டுக்கு எடுத்துக்காட்டு என்று பேசியவர் டிசம்பரில் குரல் தழுதழுக்கக் கெஞ்சுவதைப் படத்தில் இன்றும் காணலாம். சற்று நேரத்துக்குப் பின் ‘அண்டர் மை தம்ப்’ என்னும் பாட்டு நடக்கும்போது மெரடித் ஹன்டர் என்னும் கறுப்பின இளைஞர் மேடை ஓரத்தில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் குழுவினரால் அடித்து விரட்டப்பட்டார். அவர் கைத்துப்பாக்கியை உருவினார். அக்குழுவைச் சேர்ந்த ஆலன் பசாரோ அவர்மேல் பாய்ந்து கத்தியால் குத்தினார். கீழே விழுந்தவரை மற்றவர்களும் உதைத்தனர். ஹன்டர் அங்கேயே உயிர் துறந்தார்.

மேடையில் இருந்தோர் யாரோ காயமுற்றார் என்று அறிந்தனர். கொலை என்று அறியவில்லை. நிறுத்தினால் பெருங்கலகம் மூளும் என்று அஞ்சிப் பாடி முடித்தனர். பிறகு அளவுக்கு மீறி ஆள் ஏறிய ஹெலிகாப்டரில் தப்பிச் சென்றனர். சரிவின் மேற்பகுதியில் இருந்த ஆயிரமாயிரம் பேர் விழா நன்றாக நடந்தது என்றே எண்ணி வீடு திரும்பினர்.

பாட்டை மாற்றிய கதை

மறுநாள் கே.எஸ்.ஏ.என். என்னும் வானொலி நிலையம் விழாவுக்குச் சென்றவர்களைத் தொலைபேசியில் பேசச் சொன்னது. பலரும் பேசினர், சன்னி பார்ஜரும் பேசினார். அந்த ஒலிபரப்பின் வழியாகவே நடந்ததன் முழு வடிவம் மெல்ல வெளிப்பட்டது. 1970 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன் என்னும் இதழ் (இசைக்குழுவுக்கும் இவ்விதழுக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை) நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு மேசில்ஸ் உடன்பிறந்தாரும் சார்லட் சுவெரினும் சேர்ந்து உருவாக்கிய ‘கிம்மி ஷெல்டர்’ படம் வெளிவந்தது. கொலை அதில் பதிவாகியிருந்தது.

இவ்வளவு சான்று இருந்தும் ஒரு பொய் நெடுங்காலம் வாழ்ந்தது. சாத்தானைப் பற்றிய ‘சிம்பதி பார் த டெவில்’ என்னும் பாட்டைப் பாடியபோதுதான் கொலை நடந்தது என்று பலர் எழுதினர். மேலும் பலர் நம்பினர். சாத்தானைப் பாடினர், சாத்தான் வந்தான் என்றால் கதை பொருந்துகிறதல்லவா! அந்தப் பாட்டு முன்னரே முடிந்துவிட்டது என்பதைப் படம் காட்டுகிறது. நம் புலவர் வரலாறுகளில் அறம்பாடிக் கொன்ற கதைகள் எவ்வாறு வளர்ந்தன என்பதை ஆராய்வோர்க்கு இது உதவக்கூடும். இருபதாம் நூற்றாண்டில், படப்பொறியின் முன்னிலையில் கூட, கதை தனக்கு வேண்டிய பாட்டைத் தானே தேர்ந்துகொண்டது.

அந்தப் படமே வழக்கிலும் சான்றாயிற்று. ஹன்டரின் கையில் துப்பாக்கி இருந்ததை நடுவர்கள் படத்தில் பார்த்தனர். பசாரோ தற்காப்புக்காகக் குத்தினார் என்று ஏற்று 1971 ஜனவரியில் அவரை விடுதலை செய்தனர். துப்பாக்கியை உருவியதற்கு முன்பு அந்த இளைஞருக்கு நேர்ந்தது என்ன என்பதில் படம் அவ்வளவு தெளிவாக இல்லை.

மற்ற மூவர்

நால்வர் இறந்தனர் என்றோம். எழுதியவரெல்லாம் ஒருவரைப் பற்றியே எழுதினர். மற்ற மூவரின் சாவு நம் கேள்விக்கு இன்னும் நேரான விடை தருகிறது. இருவர் இரவில் நெருப்பின் அருகே அமர்ந்திருந்தபோது ஒரு கார் ஏறி இறந்தனர். ஓட்டியவர் நிற்காமல் சென்றுவிட்டார். ஒருவர் போதை மயக்கத்தில் பாசனக் கால்வாயில் விழுந்து மூழ்கினார். இம்மூவருக்கும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் குழுவினர் தீங்கு செய்யவில்லை. படுக்கும் இடத்தையும் வண்டி ஓடும் இடத்தையும் பிரிக்கக் கயிறு கட்டவும், கால்வாய்க் கரையில் விளக்கு வைத்து ஆள் நிறுத்தவும் நேரம் இருந்திருந்தால் இவர்கள் பிழைத்திருக்கக் கூடும். உட்ஸ்டாக்கிலும் புல்வெளியில் உறங்கிய இளைஞர் ஒருவர்மேல் டிராக்டர் ஏறி அவர் இறந்தார் என்பதை இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அடுத்த ஆண்டு, 1970 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வைட் தீவில் தீவின் மக்கள் தொகையைவிடப் பன்மடங்கு கூட்டம் ஓர் இசைவிழாவுக்கு வந்து வேலிகளைத் தகர்த்தது. அதன் பின் 1971இல் அத்தீவுக்கென்றே நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் இயற்றினர். இரவு தங்கும் 5,000 பேருக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு உரிமம் பெற வேண்டும் என்பது அதன் விதி. உரிமம் வேண்டுமானால் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டாக வேண்டும். கனவு கலைந்தது என்று அமெரிக்க எழுத்தாளர் வருந்திக்கொண்டிருந்தபோது, ஆங்கிலேயர் கையெழுத்துப் போட ஆள் தேடினர்.

ஹன்டரின் கொலையில் வேறொருவருக்கும் பங்கிருந்ததோ என்ற ஐயத்தால் அவ்வட்டாரக் காவல்துறை வழக்கை மீண்டும் ஆராய்ந்து, 2005இல் பசாரோ ஒருவரே குத்தியவர் என்று முடிவு செய்து கோப்பை மூடியது. பசாரோ 1985இலேயே இறந்துவிட்டார். ஆல்டமாண்ட் பந்தயத் திடலும் 2008இல் மூடப்பட்டது. ஹன்டரை வலேஹோ நகரின் இடுகாட்டில் அடக்கம் செய்திருந்தனர். அங்கே நெடுங்காலம் பெயர் பொறித்த கல்லும் இல்லை. 2006இல் சாம் கிரீன் என்பவர் அதைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். ‘லாட் 63, கிரேவ் சி’ என்ற அக்கல்லறையின் எண்ணையே படத்துக்குப் பெயராக வைத்தார். அதனைப் பார்த்தவர்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டு பின்னர் அங்கே கல் நாட்டப்பட்டது.